உதவியாளனுக்கு எழுதும் ஓலை



பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் சென்ற தமிழருக்குக் கடிதம் எழுதித் தருவோரின் துணை நெடுங்காலம் வேண்டியிருந்தது. பெங்களூரையே எடுத்துக்கொள்வோம். 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இங்கே தண்டு நிறுவியபோது, படையோடு வந்தவரும் படைக்குப் பண்டம் விற்க வந்தவருமாகத் தமிழர் பலர் அல்சூரிலும் அதனை அடுத்த பகுதிகளிலும் குடியேறினர். பின்னர் 1940-இல் விமானத் தொழிற்சாலையும், 1948-இல் தொலைபேசித் தொழிற்சாலையும், 1954-இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் தோன்றத் தோன்ற, மேலும் பலர் வந்தனர். எழுதப் படிக்க அறியாதார் அஞ்சலகத்து வாயிலில் அமர்ந்திருந்த எழுத்தரை அணுகினர். முதல் நாள், நம் ஊர் எது, உற்றார் யார், யாரிடம் எவ்வளவு பணிவு காட்டவேண்டும் என்பனவற்றையெல்லாம் அவருக்குச் சொல்லவேண்டியிருந்தது. மறுமுறை அவை வேண்டுவதில்லை. "பெரியவருக்கா, தம்பிக்கா?" என்று ஒரே கேள்வி கேட்பார். விளியும் வணக்கமும் அதற்குத் தக்கபடி தாமே அமைந்துவிடும்.

இன்று அந்த எழுத்தரின் இடத்தில் ஒரு கருவி வந்து அமர்ந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவு கொண்டு உரையாடும் உதவியாளர் என்று அதனைச் சொல்கிறோம். சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் முதலிய பெயர்களில் அது கைப்பேசியிலேயே கிடைக்கிறது. கடிதம் எழுதச் சொன்னால் எழுதுகிறது. கன்னட அறிவிப்பைக் காட்டினால் தமிழில் பொருள் சொல்கிறது. குழந்தையின் கணக்குக்கு விளக்கம் தருகிறது. எனினும் ஒரு குறை உண்டு. புதிய உரையாடல் தொடங்கும்போது, நாம் சொல்லி வைத்தால் அன்றி, அது நம்மை முன்பின் அறியாத ஒருவரைப் போலவே பேசத் தொடங்கக்கூடும். இந்தக் குறையை நீக்கும் பொருட்டு அமைந்ததே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

2023-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் சாட்ஜிபிடியில் புதிய வசதி ஒன்று சேர்க்கப்பட்டது. கஸ்டம் இன்ஸ்ட்ரக்ஷன்ஸ் என்று அதற்குப் பெயரிட்டனர். நாம் அதனை 'நிலைக்குறிப்பு' என்று வழங்குவோம். கருவியின் அமைப்புப் பகுதியில் வெற்றிடம் இருக்கும். நம்மைப் பற்றிக் கருவி அறியவேண்டியது யாது, அது எவ்வாறு மறுமொழி கூறவேண்டும் என்னும் இரண்டையும் நாம் அங்கே எழுதி வைக்கலாம். பிற நிறுவனங்களின் உதவியாளர்களிலும் இத்தகைய இடம் பின்னர் அமைந்தது.

இது எவ்வாறு வேலை செய்கிறது? பலரும் எண்ணுவது போல, நாம் எழுதியதைக் கருவி மனப்பாடம் செய்து கற்றுக்கொள்வதில்லை. நாம் ஒரு கேள்வியைக் கேட்கும்போது, அக்கேள்விக்கு முன்னால் நம்முடைய நிலைக்குறிப்பும் சேர்த்து வைக்கப்படுகிறது. கருவி முதலில் குறிப்பைப் படிக்கிறது; பிறகு கேள்வியைப் படிக்கிறது; இரண்டுக்கும் பொருந்த அடுத்தடுத்து எச்சொல் வருதல் தகும் என்று கணித்து விடையைக் கட்டுகிறது. ஆகவே, குறிப்பு நன்றாயிருந்தால் ஒவ்வொரு விடையும் அதனால் நலம் பெறும். குறிப்பில் குழப்பம் இருந்தால் ஒவ்வொரு விடையிலும் அக்குழப்பம் தலைகாட்டும்.

இவ்வகை எண்ணம் முற்றிலும் புதிதன்று. 1966-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜோசப் வைசன்பாம் என்பார் 'எலிசா' என்னும் உரையாடும் நிரலை வெளியிட்டார். அந்நிரல் தன்னளவில் ஒன்றும் அறியாதது. அதற்குத் தனியே எழுதித் தரப்பட்ட ஒரு வசனக் குறிப்பின்படியே அது பேசிற்று. மனநல மருத்துவரைப் போலப் பேசுவதற்கு எழுதப்பட்ட குறிப்பே அவற்றுள் பெரும் புகழ் பெற்றது. குறிப்பை மாற்றினால் அதே நிரல் வேறொருவரைப் போலப் பேசும். இன்றைய கருவிகள் எலிசாவினும் பன்மடங்கு ஆற்றல் உடையன. ஆயினும், பேச்சின் போக்கை வகுப்பது எழுதித் தரும் குறிப்பே என்னும் உண்மை அன்று கண்டபடியே இன்றும் நிற்கிறது.

எழுதாமல் விட்டால் என்ன கேடு என்று நேயர்கள் வினவலாம். நாம் சொல்லாமல் விட்ட இடத்தைக் கருவி வெறுமையாக விடுவதில்லை. தன் ஊகத்தால் நிரப்பிவிடும். அது கற்ற எழுத்துகளில் ஆங்கிலமே பெரும்பகுதி. ஆதலால் அந்த ஊகமும் பெரும்பாலும் ஆங்கிலம் பேசும் உலகத்தின் ஊகமாகவே இருக்கும். 'அங்கிள்' என்று ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் குறிப்பது நமக்குப் பெரியப்பாவா, சித்தப்பாவா, மாமாவா என்பது அதற்குத் தெரியாது. ஆங்கிலத்தில் எதிரில் நிற்பவர் யாராயினும் விளிக்க ஒரே சொல். தமிழில் நீ, நீர், நீங்கள், தாங்கள் என்று படிப்படியாக வேறுபாடு உண்டு. கன்னடத்திலும் நீனு என்பதற்கும் நீவு என்பதற்கும் இடையே மதிப்பின் வேறுபாடு உண்டு. இவ்வேறுபாடுகளைச் சொல்லி வைக்காவிடில், கும்பகோணத்தில் இருக்கும் பெரியப்பாவுக்குப் பெங்களூரிலிருந்து செல்லும் கடிதம், அலுவலகச் சுற்றறிக்கையைப் போல அமைந்துவிடும்.

திருக்குறளில் தூது என்னும் அதிகாரத்துக்கு உரை வகுத்த பரிமேலழகர், தூதுவரை இரு வகையாகப் பிரிக்கிறார். தானே வகுத்துச் சொல்பவன் ஒருவன். சொன்னதைச் சொல்பவன் மற்றொருவன். நம் கருவியின் நிலை விந்தையானது. சொன்னதைச் சொல்பவன் என்று எண்ணி நாம் அதனை அனுப்புகிறோம். அதுவோ எப்பொழுதும் தானே வகுத்துச் சொல்கிறது. எனவே, எதனைத் தானே வகுக்கலாம், எதனை நம்மைக் கேட்டே செய்யவேண்டும் என்னும் எல்லையை முன்னரே வரைந்து தருவது நம் கடமையாகிறது.

இனி, குறிப்பில் எழுதவேண்டியவை யாவை என்று பார்ப்போம். அவற்றை மூன்றாக வகுக்கலாம்: நாம் யார் என்பது, நமக்கு எவ்வாறு சொல்லவேண்டும் என்பது, தெரியாதவிடத்து என்ன செய்யவேண்டும் என்பது.

முதலாவது, நாம் யார் என்பது. இதில் பெருமைகளை அடுக்குவதால் பயன் இல்லை. விடையை மாற்றக்கூடிய செய்திகள் மட்டும் வேண்டும். பெங்களூரில் வாழ்கிறோம் என்பது விடையை மாற்றும். ஏனெனில், மின்கட்டணமும் பள்ளி விதியும் வீட்டு வரியும் கர்நாடகத்துக்கு உரியனவாகச் சொல்லவேண்டும். தமிழ் படிக்க வரும், கன்னடம் பேச வரும், ஆனால் கன்னட எழுத்துத் தெரியாது என்பதும் விடையை மாற்றும். வீட்டில் பெரியவர் ஒருவர் கைப்பேசியில் பெரிய எழுத்தில் படிப்பவர் என்பதும் மாற்றும். அவருக்கு நீண்ட பட்டியல் உதவாது. ஒரு நேரத்தில் ஒரு படி என்று சொல்லவேண்டும்.

இரண்டாவது, எவ்வாறு சொல்லவேண்டும் என்பது. 'எளிய தமிழ்' என்று மட்டும் எழுதினால் போதாது. ஒருவருக்கு எளிமை என்பது மற்றொருவருக்குக் கொச்சை. "கடிதங்களில் முழு வாக்கியத் தமிழ், வங்கி, பில், ரசீது போன்ற வழக்குச் சொற்களை அப்படியே வைக்க, யாரும் வழங்காத புதுச்சொல்லைப் படைக்க வேண்டா" என்று எழுதினால் எல்லை தெளிவாகும். செய்யாதே என்பதைவிடச் செய் என்பதே கருவிக்கு நன்கு விளங்கும். ஏன் என்பதையும் ஓரிரு சொல்லால் சேர்த்தல் நன்று. காரணம் அறிந்தால், நாம் எண்ணிப் பாராத இடங்களிலும் அது பெரும்பாலும் பொருத்தமாக நடந்துகொள்ளும்.

கன்னடம் கற்பவர்க்கு இவ்விடத்தில் ஒரு தனிப்பயன் உண்டு. பழங்கன்னடத்தில் சொல்லின் முதலில் நின்ற பகரம் பிற்காலத்தில் ஹகரமாகத் திரிந்தது என்பது மொழிநூலார் அறிந்த செய்தி. நம்முடைய பால் அவர்களுக்கு ஹாலு, பல் ஹல்லு, பாம்பு ஹாவு, பூ ஹூவு, புலி ஹுலி, பத்து ஹத்து. "கன்னடச் சொல்லை விளக்கும்போது அதற்கு உறவான தமிழ்ச்சொல் இருந்தால் அதனையும் காட்டுக" என்று குறிப்பில் ஒரு வரி எழுதி வைத்தால், அந்நிய மொழியாகத் தோன்றியது உறவினர் மொழியாக மாறிவிடும். மற்றொன்று: தமிழெழுத்தில் கன்னடத்தை எழுதும்போது வல்லொலியும் மெல்லொலியும் வேறுபடுவதில்லை. 'வேண்டும்' என்பதற்குக் கன்னடர் சொல்லும் சொல்லைப் 'பேகு' என்று எழுதினால், முதலெழுத்தைப் பல் என்பதில் வரும் பகரமாக ஒலிப்பதா, பந்து என்று நாம் பேசும்போது சிலர் ஒலிக்கும் மெல்லிய பகரமாக ஒலிப்பதா என்று தெரியாது. வடமொழியைத் தமிழெழுத்தில் அச்சிட்ட நூல்களில் க, க2, க3, க4 என்று எண்ணிட்டுக் காட்டும் வழக்கம் உண்டு. அதனையே பின்பற்றுமாறு குறிப்பில் எழுதலாம்.

மூன்றாவது, தெரியாதவிடத்து என்ன செய்வது என்பது. இதுவே மூன்றனுள்ளும் தலையாயது. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். பெங்களூரின் நகராட்சி வேலைகளை 2007 முதல் பிருஹத் பெங்களூரு மகாநகர பாலிகே கவனித்து வந்தது. 2025-ஆம் ஆண்டு செப்டம்பரில் அது ஐந்து மாநகராட்சிகளாகப் பகுக்கப்பட்டது. அவற்றின் மேல் கிரேட்டர் பெங்களூரு ஆணையம் நிற்கிறது. உரையாடும் கருவியோ ஒரு குறிப்பிட்ட நாள் வரையில் எழுதப்பட்டவற்றைக் கற்றது. அந்நாள் 2025-க்கு முற்பட்டதாயின், வீட்டு வரி பற்றிக் கேட்கும் முதியவருக்கு அது சிறிதும் தயங்காமல் பழைய அலுவலகத்தின் பெயரையே சொல்லும். அவர் வெயிலில் பேருந்து மாறி மாறிச் சென்று, தவறான வாயிலில் நிற்பார். புது ஊரில், புது மொழியில், யாரிடம் கேட்பது என்று தெரியாத ஒருவருக்கு அந்த ஒரு நாள் சிறு இழப்பன்று. எனவே, "அலுவலகம், கட்டணம், கடைசி நாள் ஆகியவற்றைச் சொல்லும்போது, அச்செய்தி எந்த ஆண்டு வரை அறிந்தது என்பதையும் சொல்க, இணையத்தில் தேடும் வசதி இருந்தால் தேடிச் சரிபார்த்துச் சொல்க, உறுதி இல்லையேல் இல்லை என்று சொல்க" என்னும் வரி ஒவ்வொரு குடியேறியின் குறிப்பிலும் இருத்தல் வேண்டும்.

இவற்றைத் திரட்டி ஒரு மாதிரிக் குறிப்பு வரைந்து காட்டுவோம். நேயர்கள் தத்தம் நிலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

"நாங்கள் பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பத்தினர். தமிழ் படிப்போம், கன்னடம் ஓரளவு பேசுவோம், கன்னட எழுத்துப் படிக்க வராது. தமிழில் கேட்டால் தமிழில் சொல்க. பெரியவர்களுக்கு எழுதும் கடிதத்தில் 'தாங்கள்' என்க. நண்பருக்கு 'நீங்கள்' என்க. உறவுமுறை தெளிவாக இல்லையேல், எழுதுமுன் கேட்க. கன்னட மடல் அல்லது அறிவிப்பைக் காட்டினால், முதலில் நாங்கள் செய்யவேண்டியது யாது என்பதை இரண்டு வரியில் சொல்க. பிறகு முழுப்பொருள் தருக. கன்னடத்தில் பேசவேண்டிய வாக்கியத்தைத் தமிழெழுத்தில் ஒலிப்பெண்ணுடன் எழுதுக. அரசு அலுவலகம், கட்டணம், நாள் பற்றிய செய்தி எந்த ஆண்டுக்கு உரியது என்று குறிப்பிடுக. உறுதி இல்லாததை உறுதி போல் சொல்ல வேண்டா. நோய் பற்றிக் கேட்டால் மருந்து சொல்லாமல், மருத்துவரிடம் நாங்கள் கேட்கவேண்டிய கேள்விகளைச் சொல்க. பிள்ளைகள் வீட்டுப்பாடம் கேட்டால் விடையை உடனே தராமல், அடுத்த படிக்கு வழி காட்டுக."

இந்தக் குறிப்பில் ஓரிடத்திலும் 'நன்றாகப் பதில் சொல்' என்னும் பொதுமொழி இல்லை என்பதைக் கவனிக்க. அத்தகைய சொற்களால் பயனில்லை. அவ்வாறே ஒன்றோடொன்று மாறுபடும் கட்டளைகளும் ஆகா. ஓரிடத்தில் 'சுருக்கமாகச் சொல்க' என்றும், மற்றோரிடத்தில் 'ஒன்றையும் விடாமல் விளக்குக' என்றும் எழுதினால், கருவி ஒரு நாள் ஒன்றையும் மறுநாள் மற்றொன்றையும் பின்பற்றும். எப்பொழுது சுருக்கம், எப்பொழுது விரிவு என்று இடம் பிரித்து எழுதவேண்டும்.

நீளத்தைப் பற்றியும் ஒரு சொல். 2023-இல் இவ்வசதி வந்தபோது ஒவ்வொரு கட்டத்துக்கும் 1,500 எழுத்து என்னும் வரம்பு இருந்தது. இயந்திரத்தின் எழுத்துக்கணக்கு நம் கணக்கன்று. 'தமிழ்' என்னும் சொல்லில் நாம் எண்ணுவது மூன்று எழுத்து. யூனிகோடு முறையிலோ தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என ஐந்து குறியீடுகள். ஆகவே தமிழில் எழுதுவோர்க்கு இடம் விரைவில் நிரம்பும். அதற்காக ஆங்கிலத்துக்கு ஓடவேண்டுவதில்லை. தமிழிலேயே சுருங்கச் சொல்லி விளங்க வைக்கலாம். தமிழில் எழுதிய குறிப்பைத் தொடர்ந்து வரும் விடையும் பெரும்பாலும் தமிழையே நாடும். அளவாக எழுதுதல் நம் முன்னோர்க்குப் பழகிய கலையே.

இனி, குறிப்பினால் ஆகாதவற்றையும் சொல்லியாக வேண்டும். 'பொய் சொல்லாதே' என்று எழுதிவிட்டதனால் கருவி மெய்யே பேசும் என்று கொள்ளலாகாது. அது தெரிந்து பொய் சொல்வதன்று. தகுவது போலத் தோன்றும் சொற்களைக் கோக்கும்போது பொய்யும் சேர்ந்துவிடுகிறது. தன் ஐயத்தை வெளியிடுமாறு குறிப்பு அதனைத் தூண்டலாம். அறியாததை அறிவிக்கச் செய்ய இயலாது. அவ்வாறே 'நீ ஒரு தேர்ந்த மருத்துவர்' என்று எழுதினால் அது மருத்துவர் ஆகிவிடாது, மருத்துவரின் நடையில் பேசும், அவ்வளவே. நடையைக் கண்டு அறிவென மயங்குதல் இன்னலில் முடியும். மேலும், உரையாடல் மிக நீண்டுகொண்டே போனால் முதலில் சொன்னதைக் கருவி நழுவவிடுவதும் உண்டு. அப்பொழுது புதிய உரையாடலைத் தொடங்குதலே வழி.

எழுதக்கூடாதவையும் சில உண்டு. ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கடவுச்சொல், வீட்டின் முழு முகவரி ஆகியவை குறிப்பில் இடம்பெறலாகா. உறவினர் ஒருவரின் நோயையும் கடனையும் அவர் அறியாமல் எழுதி வைப்பதும் முறையன்று. அஞ்சலக வாயிலில் இருந்த எழுத்தர் நம் மறையைக் கேட்டார். ஆனால் அவர் முகத்தை நாம் அறிவோம். இங்கே நாம் எழுதுவது தொலைவில் உள்ள ஒரு நிறுவனத்தின் கணிப்பொறிக்குச் செல்கிறது என்பதை மறத்தலாகாது. ஒரே கைப்பேசியைப் பலர் பயன்படுத்தும் வீட்டில், தாத்தாவுக்கு எழுதிய குறிப்பு பேத்திக்குப் பொருந்தாது. இயலுமாயின் தனித்தனிக் கணக்கு வைத்துக்கொள்வதே நன்று.

சோழர் ஆட்சியில் அரசன் வாய்மொழியாக இட்ட ஆணையை ஓலையில் எழுதுவோர்க்குத் 'திருமந்திர ஓலை' என்று பெயர். எழுதியதோடு ஆணை வெளியேறிவிடவில்லை. 'திருமந்திர ஓலை நாயகம்' என்னும் மேலலுவலர் அதனைப் பார்த்து ஒப்பிய பின்னரே அது மேலே சென்றது என்று கல்வெட்டுகளால் அறிகிறோம். நம் வீட்டிலும் இந்த இரண்டாம் அலுவல் நம்முடையதே. குறிப்பை எழுதி முடித்தவுடன், நமக்கு முன்பே விடை தெரிந்த மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கவேண்டும். பெரியப்பாவுக்கு ஒரு கடிதம், ஒரு கன்னட அறிவிப்பு, அரசு அலுவலகம் பற்றிய ஒரு வினா: இம்மூன்றும் போதும். எங்கே பிசகுகிறதோ அங்கே ஒரு வரியைத் திருத்தி, மீண்டும் கேட்கவேண்டும். சில மாதங்களுக்கு ஒரு முறை குறிப்பைப் படித்துப் பழையனவற்றை நீக்கவேண்டும். மூன்றாம் வகுப்புக் குழந்தை ஐந்தாம் வகுப்புக்குப் போனபின்னும் குறிப்பு மூன்றிலேயே நின்றால் யாருக்கு என்ன பயன்?

பெங்களூர் இத்துறையில் வாங்குவோர் ஊர் மட்டும் அன்று. ஆக்குவோர் ஊரும் ஆகும். 2023-இல் இங்கே தொடங்கிய சர்வம் என்னும் நிறுவனத்தை, நம் நாட்டுக்கெனப் பெரிய மொழி மாதிரி ஒன்றைக் கட்டுமாறு 2025 ஏப்ரலில் இந்திய அரசு தெரிந்தெடுத்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் ஏ.ஐ.ஃபார்பாரத் என்னும் குழுவினர் இந்திய மொழிகளுக்கான தரவுகளைத் திரட்டி வருகின்றனர். இம்முயற்சிகளால் கருவியின் தமிழ் நாளடைவில் சீர்ப்படக்கூடும். ஆயினும், எவ்வளவு சீர்ப்பட்டாலும், நம் வீட்டில் யாருக்கு யார் என்ன முறை, எந்தச் சொல் அன்பு, எந்தச் சொல் அவமதிப்பு என்பதை எந்த நிறுவனமும் நமக்காக எழுதித் தர இயலாது.

அயலகத்தில் வளரும் நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும் தெருவில் கன்னடமும் பேசுகின்றனர். கன்னடத்தை அவர்கள் நன்கு கற்கவேண்டும். வாழ வந்த ஊரின் மொழியைக் கற்பது நன்றியும் ஆகும், நன்மையும் ஆகும். தமிழ் அவர்களுக்கு எஞ்சுவது வீட்டுப் பேச்சிலும், ஊருக்கு எழுதும் சில கடிதங்களிலுமே. அக்கடிதங்களையும் இனிக் கருவியே எழுதப்போகிறது என்றால், அது எந்தத் தமிழில் எழுதவேண்டும் என்பதை முடிவு செய்யும் உரிமையை நாம் விட்டுவிடலாமா? நிலைக்குறிப்பு என்பது ஒரு பக்கத்துக்கும் குறைந்த எழுத்து. ஆனால் அதனை எழுத உட்காரும்போது, நமக்கு வேண்டியது யாது, நம் வீட்டு வழக்கம் யாது, எதில் பிறரை நம்பலாம், எதில் நம்பலாகாது என்று நாமே எண்ணிப் பார்க்க நேர்கிறது. ஓய்வாக இருக்கும் ஒரு மாலையில், வீட்டுப் பெரியவரையும் பிள்ளைகளையும் அருகில் வைத்துக்கொண்டு அதனை எழுதுவோமாக. பெரியவர் உறவுமுறையைச் சொல்லட்டும். பிள்ளைகள் தட்டச்சுச் செய்யட்டும். கருவிக்கு எழுதும் அந்த ஓலையினால் பிள்ளைகளும் தமிழில் சில வரிகள் எழுதியிருப்பார்கள்.